முன்பதிவு செய்த ஏகாந்தம்

துறவு பூண விரும்பியவன் உடுத்த துணியோடு வனம் புகுந்த காலம் ஒன்றிருந்தது. கலிபோர்னியாக் கடற்கரையில் தனிமை நாடும் இக்காலத்துக் கனவானோ, கட்டில், குளிர்பதனப் பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு, கழிவறை முதலிய சகல சம்பத்துகளும் பொருந்திய ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியில், கூரைமேல் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஒன்றையும் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். மாநிலப் பூங்காக்கள் பலவற்றில் இந்த ஏகாந்தத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே இடம் பிடித்தாக வேண்டும். பிடித்த இடத்தில் அடுத்த வண்டிக்காரரின் ஜெனரேட்டர் ஓசையும் இறைச்சி வாட்டும் புகையும் இலவசம்.

கயாக்கை உண்டாக்கிய ஆர்க்டிக் வேட்டைக்காரர்கள், மரத்தாலோ எலும்பாலோ ஆன சட்டத்தின்மேல் சீல் தோலைப் போர்த்தி, வயிற்றுப்பாட்டுக்காகப் பனிக்கடலில் இறங்கினார்கள். நம் கனவானோ மான்டரே விரிகுடாவில், ரப்பர் உடை, மிதவைச் சட்டை, விசில் சகிதமாகத் துடுப்பு வலித்துச் சென்று, கெல்ப் பாசியை உடம்பில் சுற்றிக்கொண்டு மல்லாந்து மிதக்கும் கடல் நீர்நாய், மார்பின்மேல் வைத்த கல்லில் சிப்பியை மோதி உடைத்துத் தின்னும் வைபவத்தைக் கண்டு மெய்ம்மறக்கிறார். மெய்ம்மறந்தாலும் நெருங்கலாகாது: அப்பிராணியைத் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆக, அந்த விரிகுடாவில் தனிமைக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற ஜீவன், என் அபிப்பிராயத்தில், அந்த நீர்நாய்தான்.

கனவானுக்கு மறுநாள் காலையில், கையுறை மாட்டிக்கொண்டு வண்டியின் கழிவுத் தொட்டியைக் குழாய் வழியே காலி செய்யும் கைங்கரியம் காத்திருக்கிறது. அதற்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.