ஞா

மைக் பிடித்த ஒருவர் "எல்லாரும் எழுந்து வட்டமா நில்லுங்க" என்று ஆரம்பித்தால், உடனே செருப்பைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். போன சனிக்கிழமை எனக்கு அந்தப் புத்தி ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தது.

ஒரு கல்லூரியின் என்.எஸ்.எஸ். முகாம். ஊர் பெயர் வேண்டாம், சாப்பாடு போட்டிருக்கிறார்கள். 'வாசிப்பின் அவசியம்' பற்றி நாற்பது நிமிஷம் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனால், காதோடு மைக் மாட்டிய ஒரு பயிற்சியாளர் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டு, "சாரும் நம்மகூட ஜாயின் பண்ணுவாரு!" என்கிறார். பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். கைதட்டியபின் எப்படி மறுப்பது? இந்த விளையாட்டெல்லாம் எதற்கு என்பதைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

முதல் விளையாட்டு உங்களுக்கே தெரியும். பெயருக்கு முன்னால், அதே எழுத்தில் தொடங்கும் ஒரு குணம். கலகல கார்த்தி, பாசமான பானு. தனக்கு முந்தினவர்களை எல்லாம் ஒப்பித்துவிட்டுத் தன்னுடையதைச் சொல்ல வேண்டும்.

என் பெயர் 'ஞா'வில் தொடங்கும்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆ, எ, ஒ என்ற மூன்று உயிரோடு மட்டும்தான் 'ஞ' சொல்லுக்கு முதலில் வரலாம் என்று தொல்காப்பியர் கறாராகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னால் வந்த நன்னூலார் மனமிரங்கி 'அ'வையும் சேர்த்துக்கொண்டார். மொத்தச் சொத்து அவ்வளவுதான். வட்டத்தில் எனக்கு முன்னால் இருபது பேர். அவர்கள் முடிப்பதற்குள் மனசுக்குள் அகராதியைப் புரட்டினேன். ஞாயிறு: குணமில்லை, லீவு. ஞாலம்: உலகம். என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள், வேண்டாம். ஞாண்: கயிறு. ஞெண்டு: நண்டு. ஞமலி: நாய். ஞாளி: அதுவும் நாய்தான். இத்தனை பஞ்சத்திலும் நாய்க்கு இரண்டு சொல் எடுத்துவைத்த முன்னோருக்கு, மனுஷனுக்கு ஒரு நல்ல குணம் எடுத்துவைக்கத் தோன்றவில்லை. ஞானம் என்று ஒன்று இருக்கிறது. அது வடமொழிச் சரக்கு. போதாததற்கு என் பெயரிலேயே அப்பா அதைச் செலவழித்துவிட்டார். பக்கத்துப் பையனுக்கு 'சு'. சுறுசுறுப்பு, சுத்தம், சுகம், சுதந்திரம் என்று கொட்டிக் கிடக்கிறது. அவனோ 'சும்மா' என்று போட்டுவிட்டுச் சிரிக்கிறான். இருக்கிறவனுக்கு அருமை தெரியாது. அவனிடம் ஒன்றைக் கடன் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன், எழுத்து வேறு.

என் முறை வந்தது. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ஞாபகமறதி," என்றேன்.

முந்தின இருபது பேரில் நாலு பேருக்கு மேல் ஒப்பிக்கவும் முடியாததால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மதியப் பந்தியில் ஒரு குரல்: "ஞாபகமறதி சாருக்கு ரசம் ஊத்துங்கப்பா!"

அதற்கு முன் இன்னொன்று நடந்தது. பன்னிரண்டு பேர் நெருங்கி நின்று, எதிரே நிற்கும் வெவ்வேறு இரண்டு பேரின் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமலே சிக்கலை அவிழ்த்து ஒரே வட்டமாக வேண்டுமாம். இது எப்போதும் அவிழும் என்பது பொய். சில தடவை ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையமாக நிற்கும். சில தடவை முடிச்சு முடிச்சாகவே இருக்கும். கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள். பயிற்சியாளர் கேட்கவில்லை. "முயற்சி! முயற்சி!" என்றார். என் வலது கை யாருடைய முழங்காலுக்கு அடியிலோ இருந்தது. கண்ணாடி ஒரு மாணவனின் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டது. நெற்றியில் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது. கையை விடக் கூடாதாம்.

1983-ல் நானும் இப்படி ஒரு முகாமுக்குப் போனவன்தான். ஊரணி தூர் வாரினோம். யாரும் யாரையும் அறிமுகப்படுத்தவில்லை. பன்னிரண்டு பேருக்கு ஒரே வாளி. முதல் நாள் காலையிலேயே அதற்காக ஒருத்தனோடு எனக்கு அடிதடி. ராத்திரி அவன் தேங்காயெண்ணெய் என் தலையில், என் போர்வையில் பாதி அவன் மேல். எந்தப் பயிற்சியாளரும் இல்லாமலே ஆயுளுக்கும் சிநேகமானோம். அவன் பெயர்தான் இப்போது நினைவுக்கு வரவில்லை. கலகல கார்த்தி மட்டும் நன்றாக நினைவிருக்கிறான். அதுதான் எரிச்சல்.

விளையாட்டு முடிந்தபோது எனக்கு மிச்சமிருந்தது பத்து நிமிஷம். வாசிப்பு நல்லது என்றேன். துண்டு போர்த்தினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றேன். மேகம் கறுத்திருந்தது. பின்னாலிருந்து ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான், சும்மா என்று சொன்னவன்தான்.

"ஞாபகமறதி சார்! குடையை விட்டுட்டுப் போறீங்க!"

ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது என்னுது இல்ல தம்பி," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவன் குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றான். கைப்பிடியில் என் மனைவி வெள்ளைப் பெயின்ட்டில் பெரிதாக 'ஞா' என்று எழுதியிருந்தாள்.