மாட்டைத் தழுவும் முறையும் ஆட்டுக்குக் கடிதம் சேரும் வகையும்: ஒரு பொதட்டூர்பேட்டை ஆய்வு

காதலர் தினத்தை ஒட்டிக் குழந்தைகளுக்கு ஒரு விலங்குக் கதைப் புத்தகம், அத்தியாயம் பிரித்து, பக்கத்துக்குப் பக்கம் சிரிப்புப் படம் போட்டு எழுதுவதானால், நாயகன் எந்த விலங்கு? மேல்நாட்டில் கரடியும் முயலும் சிவப்பு இதயத்தைப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்கின்றன. நெசவு ஊரான பொதட்டூர்பேட்டையின் கடைத்தெருவில் கரடி இல்லை. ஆகவே ஆய்வு தேவைப்படுகிறது.

கருதுகோள் இது: நம் காதலில் விலங்குக்கு வேலை உண்டு, கூலி கிடையாது.

முதல் சான்று பக்கத்திலேயே, திருத்தணி மலைமேல் இருக்கிறது. வேடனாக வந்தும் வேங்கை மரமாக நின்றும் கிழவனாகத் தள்ளாடியும் வள்ளியிடம் முருகனுக்குக் காரியம் ஆகவில்லை. அண்ணனைக் கூப்பிட்டார். யானை வந்து பிளிறியது. வள்ளி ஓடிப்போய்க் கிழவரைக் கட்டிக்கொண்டாள். (படம் 1: யானை துரத்துகிறது, கிழவர் மீசைக்குள் சிரிக்கிறார்.) யானையாக வந்தவர் பிள்ளையார் என்பதால் கொழுக்கட்டை கிடைத்திருக்குமே என்பார்கள். கொழுக்கட்டையை இந்த ஆய்வு கூலியாகக் கணக்கில் சேர்க்காது.

தூது இலக்கியத்திலும் இதே கதைதான். தூது போகத் தகுதியானவை என்று இலக்கணம் சொல்லும் பத்தில் அன்னம், மயில், கிளி, பூவை, குயில், வண்டு என ஆறுக்கு இறக்கை உண்டு. அழகர் கிள்ளைவிடு தூதில் கிளியை வானளாவப் புகழ்ந்துவிட்டுத்தான் வேலையைச் சொல்கிறார்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனாரின் தலைவன், துணையோடு இருக்கும் வண்டுகள் அஞ்சுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். பூச்சிக்குக் காதலர் தின விடுப்பு கொடுத்த ஒரே மனிதன்.

காதலில் விலங்கின் நலனை நினைக்க இரண்டாவது ஆள் வர 2023 பிப்ரவரி ஆயிற்று. இந்திய விலங்குகள் நல வாரியம் (1962-ல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தொடங்கி, நெடுங்காலம் சென்னையில் இருந்து, பிறகு ஹரியானாவுக்குப் போனது) 14-ஆம் தேதியைப் பசுவைக் கட்டிப்பிடிக்கும் நாளாகக் கொண்டாடுங்கள் என்று 6-ஆம் தேதி வேண்டுகோள் விட்டது. நாடே சிரித்தது. 10-ஆம் தேதி வாபஸ்.

சிரித்தவர்களில் தமிழர் சற்று அடங்கியிருக்கலாம். மாட்டைத் தழுவியவனுக்கே பெண் என்று கலித்தொகையில் சட்டம் போட்டவர்கள் நாம்தான். அங்கே தழுவப்பட்டது காளை, அதன் கொம்பும் சீவியது. கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயமகள் மறுபிறப்பிலும் தொடமாட்டாள். வாரியம் சாதுப் பசுவோடு நிறுத்திக்கொண்டது அதன் பெருந்தன்மை.

இருப்பினும் அறிவிப்பில் செய்முறை இல்லை. எந்தப் பக்கமாக அணுகுவது? கொட்டிலில் கட்டிய கறவையின் அலைதாடியை விரலால் சொறிந்து பாருங்கள்: கழுத்தை நீட்டும், கண்ணைப் பாதி மூடும், இன்னும் கொஞ்சம் கீழே என்பதுபோல் தாடையைத் தூக்கும். சொறிவதை நிறுத்திக் கையைக் கழுத்தில் போட்டால் ஒரு சிலுப்பு. அதற்கும் மசியாதவருக்குச் சாணி தோய்ந்த வால் முகத்தில் ஒரு வீச்சு. (படம் 2.) பசு வேண்டுவது சொறிதல், தழுவல் அன்று. அதோடு கொஞ்சுவது எந்த மொழியில், தெலுங்கிலா தமிழிலா? திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. மாடுகளிடம் அன்றும் யாரும் கேட்கவில்லை.

நாய், கழுதை பற்றிச் சுருக்கமாக. காதலர் தினத்தை எதிர்க்கும் சில அமைப்புகள் அன்றைக்கு இவற்றுக்கு மாலை மாற்றித் தாலி கட்டிவைக்கின்றன. ஆக, காதலை எதிர்ப்பவர்கள் தயவில் அன்று கல்யாணம் ஆவது இவற்றுக்குத்தான். கதாநாயகனைக் கல்யாணத்துக்குப் பிறகு அறிமுகப்படுத்துவது கதைக்கு ஆகாது என்பதால் நீக்கப்பட்டன.

எஞ்சியது ஆடு. பாவு நீட்டிக் கஞ்சி போடும் நெசவுத் தெருவில் கஞ்சி வாளியைக் கண்காணித்து வளர்ந்த பிறவி. அதைத் தூது அனுப்ப முடியாது, போகாது. கட்டிப்பிடிக்க முடியாது, நிற்காது. வாழ்த்து அட்டையை நீட்டினால் மட்டும் முழுமனதாக ஏற்றுக்கொள்கிறது: முதலில் மூலையை, பிறகு இதயத்தை, கடைசியில் கையொப்பத்தை. ரோஜாவை முள்ளோடு. நாயகன் தேர்வாகிவிட்டது. ஓவியருக்கு ஒரு குறிப்பு: கையெழுத்துப் பிரதியை உயரமான இடத்தில் வைக்கவும்.