தாம்பரம் வட்டாரத் தின்பண்டங்களில் பாலின் மறைந்துறைவு: ஒரு நனிசைவ ஆய்வு

1. பொருளும் எல்லையும்

நனிசைவம் என்று நூல்களிலும் வீகன் என்று கடைகளிலும் வழங்கும் உணவுநெறியாவது, ஊனையும் முட்டையையும் விலக்குவதோடு நில்லாமல், பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் என விலங்கும் பூச்சியும் தரும் எதனையும் ஏலாதது ஆகும். 1944ஆம் ஆண்டு நவம்பரில் டொனால்ட் வாட்சன் என்பாரும் அவருடைய தோழர் சிலரும் இங்கிலாந்தில் சங்கம் கூட்டி இந்நெறிக்குப் பெயரிட்டனர். அதற்குப் பன்னூறாண்டு முன்பே புலான்மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய திருக்குறள் தமிழரிடம் இருந்தது. 1867இல் வடலூரில் தருமச்சாலை கண்ட வள்ளலாரும் கொல்லாமையைத் தம் நெறியின் தலையாய அறமாக வைத்தார். எனினும் தமிழ்ச் சைவம் கறிக்கடைக் கதவை அடைத்த கையோடு மாட்டுத்தொழுவத்தின் கதவை அகலத் திறந்து வைத்தது என்பதும், 'சுத்த சைவம்' எனப் பலகை மாட்டிய உணவகத்தில் வெண்பொங்கல் நெய்யில் மிதக்கிறது என்பதும் அறிஞர் அறிந்தனவே.

இவ்வாய்வின் களம் தாம்பரமும் அதனைச் சூழ்ந்த சென்னைத் தென்புறநகரும் ஆகும். பண்டை உரையாசிரியர் நாட்டுக்கு நான்கெல்லை கூறிய முறையில் கூறின், வடக்கே பல்லாவரம், தெற்கே கூடுவாஞ்சேரி, கிழக்கே மேடவாக்கம், மேற்கே முடிச்சூர். இவ்வெல்லைக்குள் நின்றும் நடந்தும் மின்தொடர்வண்டிப் படியில் தொங்கியும் உண்ணப்படும் தின்பண்டங்களும், அடுப்படி வேலையைக் குறைக்கவெனப் பொட்டலத்தில் வரும் உடனடி உணவுகளும் ஆய்வுப் பொருளாகும். அவற்றுள் எவை நனிசைவம், எவை அல்ல, அதனை உண்பவர் அறிவது எங்ஙனம் என்பதே வினா.

2. களத்தின் வரலாற்றுப் பகைமை

ஒரு நெறியை ஆராய்வோர் அந்நெறி கால்கொள்ளும் மண்ணையும் ஆராய்தல் வேண்டும். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிய தடத்தில், தாம்பரத்துக்கு முன்னர் அடுத்தடுத்து இரு நிலையங்கள் வருகின்றன. முதலாவது குரோம்பேட்டை, குரோமிய உப்பினால் தோலைப் பதனிட்ட குரோம் லெதர் தொழிற்சாலையால் பெயர் பெற்றது. இரண்டாவது தாம்பரம் சானடோரியம்; 1928இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து காசநோயாளர்க்கென நிறுவிய மருத்துவமனையால் பெயர் பெற்றது. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் உலகெங்கும் இத்தகைய மருத்துவமனைகள் நம்பியிருந்தவை தூய காற்று, ஓய்வு, பால், முட்டை ஆகியவையே. கிழக்கெல்லைக்குச் சற்று அப்பால் சோழிங்கநல்லூரிலோ ஆவின் பால்பண்ணை இயங்குகிறது. ஆக, தோல், முட்டை, பால் என நனிசைவர் விலக்கும் மூன்றும் இவ்வட்டாரத்தின் ஊர்ப்பெயரிலும் மருத்துவத்திலும் தொழிலிலும் முன்னரே வேரூன்றிவிட்டன என்பதும், இங்கு நனிசைவராய் வாழ்வோர் வரலாற்றை எதிர்த்து வாழ்கின்றனர் என்பதும் பெறப்படும்.

3. முத்திறப் பகுப்பு

தொகுத்து நோக்கின் இவ்வட்டாரத்துப் பண்டங்கள் தன்னியல்பு நனிசைவம், முத்திரை நனிசைவம், போலி நனிசைவம் என மூன்றாகப் பகுக்கப்படும்.

தன்னியல்பு நனிசைவமாவது, தான் நனிசைவம் என்பதைத் தானே அறியாத பண்டம். தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கப்பட்ட மசால்வடை, மெதுவடை, வாழைக்காய் பஜ்ஜி, நடைமேடையில் விற்கும் சுண்டலும் வறுத்த வேர்க்கடலையும், மாலை வண்டியின் வெங்காய சமோசா, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரியுருண்டை, மரவள்ளிக்கிழங்கு வறுவல் யாவும் இவ்வகையின. தேன்மிட்டாயும் இவற்றோடு சேரும். அரிசியும் உளுந்தும் சர்க்கரைப்பாகுமே அதன் உறுப்புகளாதலின், எந்தத் தேனீயும் அதன் பொருட்டுத் துன்புற்றதில்லை. உடனடி உணவுகளிலோ, இவ்வட்டாரத்துக் குடும்பங்களைத் தாங்கி நிற்கும் அரைத்த இட்லிமாவுப் பொட்டலம், காலையில் மிதிவண்டியில் வரும் இடியாப்பம், புளிக்காய்ச்சல், நல்லெண்ணெயில் குழைக்கும் இட்லிப்பொடி, அப்பளம், வடகம் ஆகியன அடங்கும். இவற்றுள் எதன்மேலும் வீகன் என்னும் எழுத்தில்லை. பலவற்றின்மேல் எவ்வெழுத்தும் இல்லை.

வெளியூர்ப் பண்டங்கள் இக்களத்துள் நுழையும் வாயில் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் ஆகும். தென்மாவட்டத்திலிருந்து வந்து இறங்குவோர் கையில் இருவகை அல்வாக்கள் காணப்படும். திருநெல்வேலி அல்வாவும் தூத்துக்குடி மாவட்டத்து முதலூரின் மஸ்கோத் அல்வாவும் கோதுமைப்பாலிலேயே தொடங்குகின்றன. ஆனால் முன்னது நெய்யில் முடிய, பின்னது தேங்காய்ப்பாலில் முடிகிறது. உறவினர் வருகையை எதிர்நோக்கும் நனிசைவர், அவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்பதை முன்கூட்டியே உசாவுதல் நலம்.

முத்திரை நனிசைவமாவது, தன்னியல்பைத் தானே அறிவித்துக்கொள்ளும் பண்டம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் இதற்கெனப் பச்சை நிற 'வி' எழுத்தின்மேல் சிற்றிலை துளிர்க்கும் முத்திரையை வெளியிட்டு, 2022இல் விதிகளையும் வகுத்தது. அவ்விதிகளின்படி உட்பொருள் மட்டுமன்றிச் சேர்க்கைப்பொருள்களும் நொதிகளும் விலங்குவழி வந்தனவாய் இருத்தலாகாது. பண்டத்தை விலங்குகளிடம் சோதித்தலும் ஆகாது. குளிரூட்டப்பட்ட பேரங்காடி அடுக்குகளிலும் பத்தே நிமிடத்தில் வீட்டு வாயிலுக்கு வரும் செயலிகளிலும் வாழும் ஓட்ஸ் பானம், பாதாம் பானம், தாவர இறைச்சி முதலியன இவ்வகையின. ஓட்ஸ் பானத்தைப் பால் என்று அழைத்தல் கூடாது என 2021இல் ஆணையம் தடுத்தது. தேங்காய்ப்பாலோ மரபுப்பெயர் என்னும் பட்டா முன்னமே பெற்றிருந்தமையால் தப்பியது. தாவர இறைச்சியைப் புத்தாக்கம் என்று கொண்டாடுவாரும் உளர். 1965ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்திச் சென்னையில் பேசப்படும் சிக்கன் 65இன் மசாலாவில் மீல்மேக்கரைப் புரட்டி, மல்லித்தழை தூவித் தள்ளுவண்டியில் விற்கும் வணிகர் அச்செயலைப் பல்லாண்டுகளாகச் செய்துவருதலின், அக்கூற்று பொருந்தாது என்க. முத்திரைப் பண்டத்தின் விலை தன்னியல்புப் பண்டத்தின் விலையைப் போலப் பன்மடங்காதல் கண்கூடு. முத்திரைக்கும் விலை உண்டு என்பது இதனால் போதரும்.

போலி நனிசைவமாவது, தோற்றத்தில் தாவரமாகவும் உள்ளீட்டில் பாலாகவும் இருப்பது. இதுவே ஆய்வாளரை மிகவும் அலைக்கழிக்கும் வகை. பெரும்பாலான பிஸ்கட்டுகளிலும் வெங்காயச் சுவையூட்டிய உருளைக்கிழங்கு வறுவலிலும் உடனடிச் சூப்புத்தூளிலும் பால்பொருள், இலக்கணத்தார் கூறும் தோன்றா எழுவாயாய், வெளிப்படாமலே வினை முழுவதையும் நடத்துகிறது. பொட்டலத்தின்மேல் சைவம் என்று குறிக்கும் பச்சைப்புள்ளி இங்குத் துணைநில்லாது; ஏனெனில் அசைவத்துக்கு வகுத்த சட்ட வரையறை பாலையும் தேனையும் தேன்மெழுகையும் அரக்குப்பூச்சி தரும் மெருகையும் வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது. உறைந்த இனிப்பு என விற்கப்படும் பனிக்கூழ் போன்ற பண்டம் இவ்வகையின் உச்சம் எனலாம். அதில் பால்கொழுப்புக்கு மாற்றாகத் தாவரக்கொழுப்பு சேர்க்கப்படுகிறது என்பது 2017இல் மும்பை உயர் நீதிமன்றம் வரை சென்ற விளம்பரப் பூசலால் நாடறிந்தது. ஆயினும் கொழுப்பு நீங்கிய பால்தூள் அதனுள் தங்கிவிடுவதால், பனிக்கூழ் என்று கருதுவோர்க்கும் நனிசைவம் என்று கருதுவோர்க்கும் அஃது ஒருங்கே ஏமாற்றம் அளிக்கிறது.

இம்மூன்றினுள்ளும் அடங்காத ஐயநிலைப் பண்டங்களும் சில உள. முறுக்கு, தட்டை, சீடை ஆகியவற்றின் மாவு கரகரப்பாக வரவேண்டி வெண்ணெய் பிசைதலும் உண்டு, காய்ச்சிய எண்ணெய் ஊற்றுதலும் உண்டு. பரோட்டா மாவில் பாலும் முட்டையும் சேர்ப்பாரும் உளர், சேர்க்காதாரும் உளர். பண்டத்தைப் பார்த்து இதனைத் துணிதல் இயலாதாகையால், செய்தவரைக் கேட்டலே வழி. கேட்குங்கால் எழும் இடர் அடுத்த இயலில் கூறப்படும்.

4. நெய் உயர்வுநவிற்சி விதி

உள்ளதை உள்ளதினும் மிகுத்துக் கூறுதலை அணிநூலார் உயர்வுநவிற்சி என்பர். தமிழ்நாட்டு இனிப்புக்கடையில் இவ்வணி பெரும்பாலும் நெய்யின்மேல் ஏறியே வரும். நெய் செல்வத்தின் அடையாளமாதலின், 'நெய்யில் செய்ததா?' என வினவும் எவருக்கும் 'சுத்த நெய் சார்' என்னும் விடையே கிடைக்கும். நெய் வேண்டி வினவியவர் இவ்விடையால் மகிழ்வர். நெய் வேண்டாமை கருதி வினவிய நனிசைவர், வணிகர் மெய் கூறினாரா, தம்மைப் பெருமைப்படுத்தினாரா என்று துணியமாட்டாமல் வெறுங்கையோடு திரும்புவர். 'இல்லீங்க, எண்ணெய்தான்' என்று குரல் தாழ்த்திச் சொல்லும் வணிகரைக் காணுதல் அரிது. கண்டால் அவர் கூச்சத்தை நனிசைவர் கொண்டாடுதல் வேண்டும்.

இவ்விடத்துத் துணைவிதி ஒன்று பயன்படும். மைசூர்பாகில் கடலைமாவும் சர்க்கரையும் நெய்யும் அன்றி வேறு பொருள் இன்மையால், ஒரு கிலோ மைசூர்பாகின் விலை ஒரு கிலோ நெய்யின் விலையில் பாதிக்கும் கீழ் இறங்குமாயின், அதனுள் நெய் குடியிருக்க வழியில்லை. கட்டியாகக் கடித்து உண்ணும் அம்மைசூர்பாகில் இருப்பது பெரும்பாலும் வனஸ்பதியே. அஃது 1937இல் டால்டா என்னும் பெயரால் இந்திய அடுக்களைக்குள் புகுந்த, கெட்டியாக்கிய தாவர எண்ணெய். எனவே நெய் என்று கூறி வனஸ்பதி விற்கும் வணிகர், தாம் அறியாமலே நனிசைவத்துக்குத் தொண்டாற்றுகிறார் என்பது கசப்பான முடிபாயினும் மறுக்கவொண்ணாதது. அறத்தின் பொருட்டு நெய்யை விட்டவர்க்கு இக்கலப்படம் அருளாகவும், உடல்நலத்தின் பொருட்டு விட்டவர்க்கு இடராகவும் முடியும். வனஸ்பதியில் உள்ள மாறுபக்கக் கொழுப்பு (டிரான்ஸ் கொழுப்பு) 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என 2022 முதல் விதி உண்டாயினும், எடை போட்டுத் தாளில் மடித்துத் தரும் பொட்டலத்தில் விழுக்காடு அச்சிடப்படுவதில்லை.

5. மறுப்பும் விடையும்

கோடையில் வண்டலூர் சாலையோரம் விற்கும் பதநீர் நனிசைவமாகாது என்பாரும் உளர். கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு மரபாகக் கிளிஞ்சலைச் சுட்டுப் பெறப்படுவது, கிளிஞ்சலோ ஓர் உயிரின் இல்லம் என்பது அவர் வாதம். உயிர் நீங்கிய பின் கரையொதுங்கிய ஓட்டினால் தீங்கில்லை என்பர் மறுசாரார். இவ்வழக்கு முடிவதற்குள் பதநீர் புளித்துவிடும் ஆகையால், வழக்கை ஒத்திவைத்துப் பதநீரைப் பருகுதலே தக்கது.

இனி, வெளிநாட்டு ஆலைகள் சில சர்க்கரையை எலும்புக்கரியால் வெளுப்பிப்பதைச் சுட்டி, எல்லா மிட்டாயையும் ஐயுறுவாரும் உளர். இந்திய ஆலைகள் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப்புகையும் கொண்டே வெளுப்பிப்பதால் அவ்வையம் இங்குச் சிறிதாகும். அதனையும் பொறாதவர்க்கு வெல்லம் இருக்கிறது.

தேநீரைக் குறித்து ஒரு சொல். வடை நனிசைவமாயினும் அதனோடு வரும் தேநீர் அன்று. பால் இல்லாத தேநீரோ சுக்குமல்லிக் காப்பியோ கேட்பவரைக் கடைக்காரர் 'உடம்பு சரியில்லையா?' என்று உசாவுவது வழக்கம். சானடோரியம் அருகிருப்பதால் அவ்வினாவில் கனிவு மிகுதியாக இருக்கும். அதற்கு ஆம் என்று கூறிவிடுதல், நனிசைவக் கோட்பாட்டை நின்றபடியே விளக்குவதினும் எளிது.

6. முடிபு

இவ்வட்டாரத்தில் நனிசைவத் தின்பண்டத்துக்குப் பஞ்சமில்லை. அதனை அறிந்து சொல்வார்க்கே பஞ்சம் என்பது இவ்வாய்வின் முடிபு. ஆகவே வாசகர் கைக்கொள்ளத்தக்கன இவை: தாம்பரம் சண்முகம் சாலைக்கோ பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்கோ செல்வோர், 'நெய்யா?' என்று கேளாமல் 'எந்த எண்ணெயில் செய்தீர்கள்?' என்று கேட்க வேண்டும். அவ்வினாவுக்கு உயர்வுநவிற்சி எழ இடமில்லை. பொட்டலம் வாங்குவோர் முகப்பிலுள்ள பசும்புல்வெளிப் படத்தை விடுத்து, பின்புறத்து உட்பொருள் பட்டியலின் அடியில் ஒவ்வாமையுள்ளோர்க்கென அச்சிட்ட 'பால் அடங்கியது' என்னும் வரியைத் தேட வேண்டும். அவ்வரி சட்டப்படி கட்டாயமானது. கேட்கக் கூசுபவரும் படிக்கக் கண்ணாடி இல்லாதவரும் பத்து ரூபாய்க்கு வறுத்த வேர்க்கடலை வாங்கி உண்க. அதில் ஐயத்துக்கு இடமில்லை.