பீன்யா மெய்ப்பாட்டியல்: ஜாப் ஒர்க் ரேட் உயர்வின்போது வாடிக்கையாளரிடம் தோன்றும் எண்வகைக் குறிகள்

மெய்ப்பாடு எட்டு என்றார் தொல்காப்பியர். எட்டையும் எங்கே போய்ப் பார்ப்பது என்று சொல்லாமல் விட்டார். உரையாசிரியர்களும் கண்டுகொள்ளாத அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது. பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் இரும்பு வெட்டும் விஎம்சி மெஷின் ஒன்றைப் போட்டு, மணிக்கு ஐம்பது ரூபாய் ரேட் கூட்டியதாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால், மாலைக்குள் எட்டும் வந்து சேரும்.

ஆய்வெல்லை: வாடிக்கையாளர் தரும் இரும்பை, அவர் தரும் டிராயிங்படி வெட்டிக் கடைந்து அவரிடமே திருப்பித் தருவது ஜாப் ஒர்க். ஜிஎஸ்டி நூலோர் இதனை 9988 என்ப. 2021-இல் எஃகு விலை ஏறி, டிசம்பர் 20 அன்று நாடெங்கும் சிறுதொழில் சங்கங்கள் கதவடைத்ததும், 2023-இல் கர்நாடகத்தில் மின்கட்டணம் யூனிட்டுக்குச் சராசரி 70 பைசா ஏறியதும் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளவை. வாடிக்கையாளரின் எல்லைக்கும் வெளியேதான்.

நகை: "ஏப்ரல் ஃபூலா சார்?"

அழுகை: பெரிய காரில் வந்து இறங்கி அழப்படும்.

இளிவரல்: "இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதுதானா?"

அச்சம்: பர்ச்சேஸ் ஆபீசருக்கே உரியது. எம்.டி.யிடம் யார் போய்ச் சொல்வது?

பெருமிதம்: "எங்க வேலை கிடைக்கிறதே உங்களுக்குப் பெரிசு."

வெகுளி: போன மாதம் பாஸான லாட்டில் இன்று பத்து மைக்ரான் பிழை தென்படும்.

மருட்கை: இது விரிவாக ஆராயத்தக்கது. "என்னது, ரேட் கூட்டிட்டீங்களா? காமாட்சிபாளையாவில ஒருத்தர் பழைய ரேட்டுக்கே பண்றாரே!" (டெலிவரி சலான், பின்பக்கம்). யார் இந்தக் காமாட்சிபாளையார்?

ஔவையார் ஒருவரா பலரா என்பதைப் போலவே இதிலும் அறிஞர் இரு கட்சியினர். ஒருவரே என்போர், எல்லா வாடிக்கையாளரும் ஒரே ரேட்டைச் சொல்வதைச் சான்று காட்டுவர் (பில் புக், மூன்றாம் கார்பன் பிரதி, மங்கிய பாடம்). பலரே என்போர், அந்த ரேட்டுக்கு ஒருவரால் இத்தனை நாள் உயிர் வாழ முடியாது என்பர். காலத்திலும் கருத்து வேற்றுமை உண்டு. ரேட் என்னும் அகச்சான்றால் அவர் மெஷின் டூல் கம்பெனியான எச்எம்டி தோன்றிய 1953-க்கு முற்பட்டவர். அவரிடம் சிஎன்சி இருப்பதாக வரும் செய்தி இடைச்செருகல் (சுவர்க் காலண்டர், ஆயுதபூஜை வாரம், கூலன்ட் தெறித்த ஓரக்குறிப்பு, டீக்கடைப் பற்று நோட்டில் பாடபேதம்: 'சிஎன்சி'க்கு 'சமோசா', இரண்டும் பொருந்தும் என்பது லேத் ஆபரேட்டர் உரை, அவ்வுரைக்குச் செக்யூரிட்டி விளக்கம், கேட் பாஸில் எழுதப்பட்டது). வெட்டுமுனை இன்செர்ட் விற்பவர் விலை ஏற்றும்போது ஜாப் ஒர்க்காரரும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய விலைக்கே தரும் ஒருவரைக் கண்டுபிடிப்பதால், காமாட்சிபாளையார் என்பது ஓர் இனமே என்று ஐயுறுவாரும் உளர்.

பீன்யாவிலிருந்து காமாட்சிபாளையாவுக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். இதுவரை எந்த அறிஞரும் போனதில்லை. போய்ப் பார்த்து விடை தெரிந்துவிட்டால் அடுத்த கருத்தரங்குக்கு யார் பயணப்படி தருவார்கள்?

உவகை: "ஓகே சார், நோ ப்ராப்ளம், பி.ஓ. அனுப்பறேன்." எட்டிலும் கொடியது இதுவே. ரேட்டைப் பேரம் பேசுகிறவர் பணம் கொடுக்கும் எண்ணமுள்ளவர். மகிழ்ந்து ஒப்புக்கொள்பவருக்கு அந்தக் கவலை இல்லை. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதா மாதம் கூட்டு வட்டி. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டி கேட்டவருடைய அடுத்த ஆர்டர் காமாட்சிபாளையாவுக்குப் போய்விடும். காமாட்சிபாளையார் உண்மையிலேயே இருக்கிறார் என்பதற்கு இதுவரை கிடைத்துள்ள ஒரே புறச்சான்று இதுதான்.