சூடானால் மட்டும் வரும் மிஸ்ஸிங்

மெக்கானிக்கைப் பார்த்ததும் காணாமல் போகிற மிஸ்ஸிங்தான் மிஸ்ஸிங்கிலேயே மோசமானது. எண்பதுகளில் அப்பாவின் புல்லட் 350 எங்களை அப்படித்தான் படுத்தியது. காலையில் ஒரே கிக்கில் கிளம்பும். தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி தாண்டி இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, திடீரென்று இழுவை அறுபடும். சைலன்சரில் 'டப்'பென்று ஒரு வெடி. உடனே மறுபடி ஓடும். பட்டறை வாசலில் நிறுத்தினால் ஒரு குறையும் இருக்காது.

திருச்சி பாலக்கரையில் எங்கள் வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் கேள்விதான் கேட்பார்.

"எப்ப மிஸ் ஆகுது தம்பி? சூட்டுலயா, மழையிலயா, பள்ளத்துல இறங்குறப்பயா?"

"சூட்டுலதான் பாய்."

"வெடுக்குன்னு விடுதா, சோர்ந்து சோர்ந்து விடுதா?"

இந்த இரண்டாவது கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருந்தது. பெட்ரோல் போதாமல் தவிக்கும் இன்ஜின் மெல்ல மெல்லத் தளரும். கரண்ட் அறுபட்டால் சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி வெடுக்கென்று விடும். எரியாமல் வெளியேறிய பெட்ரோல் ஆவி சைலன்சருக்குள் போய்ப் பற்றிக்கொள்வதுதான் அந்த 'டப்'. இருந்தாலும் டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் வண்டி திணறும். எங்கள் வண்டியில் அது இல்லை.

"ஆறிப்போன வண்டியைக் கொண்டு வராதீங்க. சூட்டோட கொண்டாங்க" என்றார். கொண்டுபோனோம். இன்ஜினை அணைக்க விடாமல், சிலிண்டருக்குப் பின்னால், கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் பாயிண்ட் இருக்கும் வட்ட மூடியைக் கழற்றினார். கடை ஷட்டரைப் பாதி இறக்கி வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் அதன் நடுவில் தடித்த மஞ்சள் பொறி. கண்டன்சர் நன்றாக இருந்தால் அங்கே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீலப் புள்ளிதான் இருக்கும்.

பாயிண்ட் திறக்கும் கணத்தில் கரண்ட் பட்டென்று நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழும்பும். அந்தக் கணத்தின் வேகத்தைத் தாங்கிக்கொள்வது கண்டன்சரின் வேலை. அதற்குள்ளே இருக்கும் காப்பு வயதாகிவிட்டால் ஆறியிருக்கும்போது தாங்கும், சூட்டில் கசியும். அப்போது கரண்ட் நிற்காமல் பாயிண்டைத் தாண்டிக் குதிக்கும். பிளக்கில் பொறி பலவீனமாகும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 25 பொறி வேண்டும். அதில் ஒன்றிரண்டு தவறினாலே ஓட்டுகிறவன் உடம்புக்குத் தெரிந்துவிடும்.

பாயிண்டும் அரித்துப் போய்த்தான் இருந்தது. ஆனாலும் பாய் அன்று கண்டன்சரை மட்டும் மாற்றினார். "ரெண்டையும் சேர்த்து மாத்தினா எது குத்தம்னு எப்படித் தம்பி தெரியும்?" துவாக்குடி வரை போய் வந்து, மிஸ்ஸிங் போய்விட்டது என்று நான் சொன்ன பிறகே பாயிண்டில் கை வைத்தார். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மூடிய பாயிண்டுக்கு நடுவே வெள்ளைத் தாளைச் செருகி இழுத்தார். தாளில் கறுப்புக் கோடு விழாத வரைக்கும் இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்தினார். இத்தனை பொறுமையை நான் வேறு எந்தத் தொழிலாளியிடமும் பார்த்ததில்லை.

அந்தப் பாயிண்டும் கண்டன்சரும் இப்போதைய வண்டிகளில் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு கார்புரேட்டரும் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. நடுரோட்டில் மழையில் நின்று பாயிண்ட் தேய்த்தவர்கள் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். கோளாறு வந்தால் வண்டியே நினைவில் வைத்துக்கொண்டு கருவியில் காட்டுகிறது. சூடு, அதிர்வு, தண்ணீர் மூன்றும் மட்டும் அன்றுபோலவே இருக்கின்றன.

போன மழைக்காலத்தில் அக்கா மகனின் வண்டி மிஸ் ஆனது. சர்வீஸ் சென்டரில் கருவியைச் செருகியதும் பி0351 என்று காட்டியிருக்கிறது. காயில் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். புதுக் காயில் போட்டு, அந்தக் குறியீட்டை அழித்து அனுப்பினார்கள். சில வாரத்தில் மறுபடி அதே கோளாறு. சர்க்யூட் என்றால் காயில் மட்டுமில்லை. அதற்குப் போகும் ஒயர், கனெக்டர், சுவிட்ச் எல்லாமே சேர்ந்ததுதான்.

"எப்படா விடுது?"

"சிக்னல்ல திரும்புறப்ப மாமா."

ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை மெதுவாக இடப்பக்கம் ஒடித்தோம். இன்ஜின் தடுமாறியது. நேராக்கினால் சரியானது. அந்த வண்டியில் காயிலுக்கான சப்ளை கில் சுவிட்ச் வழியாக வருகிறது. ஹேண்டில்பார் கழுத்தருகே ஒயர்க் கட்டை இறுக்கிக் கட்டியிருந்த இடத்தில், ஒவ்வொரு ஒயராக மடக்கிப் பார்த்தேன். ஒன்று மட்டும் எலும்பில்லாததுபோலத் துவண்டது. மேலே பிளாஸ்டிக் உறையில் கீறல்கூட இல்லை. உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகளில் இரண்டு மூன்றுதான் மிச்சம். வெட்டி, சால்டர் வைத்து, ஹேண்டில்பார் முழுசாகத் திரும்புகிற அளவுக்குத் தொய்வு விட்டுக் கட்டினோம்.

முதலில் வண்டியை விட்டபோது ஜாப் கார்டில் 'மிஸ்ஸிங்' என்ற ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார்கள். இப்போது தெரிந்தவர்கள் யார் வண்டி விடப் போனாலும், எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, எந்தப் பக்கம் திரும்பும்போது, மழையிலா வெயிலிலா என்பதையும் பக்கத்தில் நின்று எழுத வைத்துவிட்டு வரச் சொல்கிறேன்.