மிதிவண்டியோட்டியின் மூக்குக்கண்ணாடியில் நீர் சேர்தலும் அதனை நீக்கும் முறைகளும்

1. வகை

மழையில் மிதிவண்டி ஓட்டுபவரின் மூக்குக்கண்ணாடியை மறைக்கும் நீர் மூவகைப்படும்: வானிலிருந்து விழும் துளி, மூக்கிலிருந்து எழும் ஆவி, சாலையிலிருந்து தெறிக்கும் சேறு. முதலிரண்டும் இயற்கையின் பாற்பட்டவை. மூன்றாவது, பக்கத்தில் விரையும் பேருந்தின் பாற்பட்டது. தமிழகத்தில் இம்மூன்றும் ஒருங்கே உச்சம் பெறுவது வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில். பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில்தான் வருகிறது. அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் செல்லும் 11-ஆம் வகுப்பு மாணவருள் கண்ணாடி அணிந்தோர்க்கு, தேர்வுக்கு முன்னதாகவே ஒரு தேர்வு நடந்துவிடுகிறது.

2. துளி

அசையாமல் நிற்பவரின் கண்ணாடியில் நேராகப் பெய்யும் மழை அதிகம் படுவதில்லை. நெற்றியும் புருவமும் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். மிதிக்கத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி வினாடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் செல்லும் வண்டி, வினாடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. ஆகவே ஊருக்கெல்லாம் நேராகப் பெய்யும் மழை, ஓட்டுபவருக்கு மட்டும் சுமார் 33 பாகை சாய்ந்து முகத்துக்கு எதிரே வருகிறது. 1 மில்லிமீட்டர் துளி இன்னும் மெதுவாக, வினாடிக்கு 4 மீட்டர் அளவிலேயே விழும். அதன் சாய்வு 45 பாகையைத் தாண்டும். இதனால் கண்ணாடிக்கு அடைமழையினும் தூறலே பெரும்பகை என்பது பெறப்படும். "தூறல்தானே, போய்விடலாம்" என்று கிளம்புவோர் இத்தேற்றம் அறியாதவர்.

நீரின் ஒளிவிலகல் எண் 1.33. வில்லையில் ஒட்டிய ஒவ்வொரு துளியும் ஒரு சிறு குவிவில்லை. மருத்துவர் எழுதித் தந்த பவருக்கு மேல் தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும். இரவில் எதிரே வரும் ஒரு விளக்கு, துளிக்கு ஒன்றாகப் பெருகும். அவற்றுள் மெய்யான லாரி எது என்பது ஓட்டுபவரின் ஊகத்துக்கு விடப்படும்.

3. ஆவி

வெதுவெதுப்பான, ஈரம் மிக்க மூச்சு, மழையில் குளிர்ந்த வில்லையின் உட்புறத்தில் படும்போது நுண்துளிகளாகப் படிகிறது. வண்டி ஓடும்வரை எதிர்காற்று மூச்சைக் கொண்டுபோய்விடும். சிக்னலில் நின்றதும் மூச்சு முகத்தருகே தேங்கும். மழைக்கோட்டின் தலைமூடி இத்தேக்கத்துக்குத் துணைசெய்யும். எனவே இத்துறையின் அடிப்படை முரண் இது: ஓடினால் துளி, நின்றால் ஆவி.

இடர் மிதிவண்டிக்கே உரியதன்று. 1966 ஜூனில் ஜெமினி 9 விண்கலத்துக்கு வெளியே பணியாற்றிய யூஜின் செர்னனின் முகக்கவசமும் அவர் மூச்சாலும் வியர்வையாலும் ஆவி படிந்து மூடிக்கொண்டது. அங்கே மழையும் இல்லை, பேருந்தும் இல்லை என்பது கருதத்தக்கது.

4. தீர்வுகள்

இதற்குத் தீர்வு காண்போர் ஐந்து மரபினர்.

கழற்றுவோர் கண்ணாடியைச் சட்டைப்பையில் இடுவர். மைனஸ் 3 பவர் உடையவருக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை 33 சென்டிமீட்டர். அதற்குள் ஹாண்டில்பாரும் அடங்காது. ஆதலின் இம்மரபு கொள்ளத்தக்கதன்று.

தாழ்த்துவோர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேல்வழியே நோக்குவர். கழற்றியதன் கேடும் அணிந்ததன் சுமையும் இவர்க்கு ஒருங்கே கிட்டும்.

துடைப்போரே பெரும்பான்மையர். 1903-இல் மேரி ஆண்டர்சன் வண்டியின் முன்கண்ணாடிக்குத் துடைப்பான் வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். அவ்வசதி மூக்குக்கண்ணாடி வரை பரவவில்லை. இங்கே ஆள்காட்டி விரலே துடைப்பான். கைக்குட்டையும் வேட்டி முனையும் முதல் துடைப்பில் நனைந்து, அடுத்த துடைப்பில் நீரை இடம் மாற்றும் பணியை மட்டும் செய்யும். துணியில் மணல் இருந்தால் வில்லையில் கீறலும் விழும்.

பூசுவோர் இருபிரிவினர். ஒருசாரார் சோப்பைத் துளி தொட்டு மென்துணியால் தேய்ப்பர். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்க, ஆவி துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவும். மற்றொரு சாரார் நீர் ஒட்டாத பூச்சை நாடுவர். தாமரை இலையின் நெறி இது. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலத்தல் வழு. மழை கழுவாத உட்புறத்துக்குச் சோப்பும் வெளிப்புறத்துக்கு ஒட்டாப் பூச்சும் என்று பகுத்துக்கொள்வதே முறை.

மறைப்போர் முன்விளிம்புள்ள தொப்பி அணிவர். 33 பாகைச் சாய்வுக்கு, வில்லையின் அடிமுனையை விட 8 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளிம்பு, வில்லைக்கு முன்னே 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீண்டால் போதும். சாதாரணத் தொப்பியில் ஏறத்தாழ இது கிட்டும். வேகம் 25 கிலோமீட்டரானால் 8 சென்டிமீட்டருக்கும் மேல் வேண்டும். ஆகவே தொப்பி நிதானமாகச் செல்பவருக்கே துணை; அவசரக்காரர் தலை குனிந்துகொள்ள வேண்டும்.

5. சேறு

சொந்தச் சக்கரத்தின் சேற்றை மட்கார்டு தடுக்கும். பேருந்தின் சேற்றுக்கு, குழியை முன்னரே அறிந்து விலகுதல் ஒன்றே வழி. குழியை அறியத் தெளிந்த கண்ணாடி வேண்டும் என்பதால் இது சுழல்வாதமாக முடிகிறது.

6. முடிபு

தொப்பி, உள்ளே சோப்பு, வெளியே பூச்சு, மட்கார்டு, நிதான வேகம் ஆகிய ஐந்தும் கூடினால் மிதமான மழையில் வழி தெரியும். மழை வலுத்தால் இறங்கி, வண்டியைத் தள்ளிச் செல்லலாம். மணிக்கு 5 கிலோமீட்டர் நடையில் மழையின் சாய்வு 12 பாகையே. துளி அதிகம் படாது, மூச்சும் தேங்காது. துளி, ஆவி இரண்டையும் ஒருங்கே வெல்லும் ஒரே முறை இதுவே. மிதிவண்டியை ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இதில் நிறைவேறுவதில்லை.