மூணு திரையும் ஒரு பிளக்கும்

மருமவனே, நீ எக்ஸல்ல போட்டு அனுப்புன பட்டியலைப் பேத்தி விரிச்சுக் காட்டினா. அஞ்சு காரு, பக்கம் பக்கமாக் கட்டம். பொண்ணு பாக்கப் போன எடத்துல காப்பி டம்ளரைக் கீழ வைக்கிறதுக்குள்ள தலையாட்டுனவன், இப்போ கப் ஹோல்டரு எத்தனைன்னு எண்ணி எழுதியிருக்க. நல்லா இருடே. அம்புட்டுக் கட்டத்துலயும் ஒண்ணுதான் காணல. ராத்திரி வண்டிய எந்தச் சுவத்துல சொருகப்போற?

சரி, அது கெடக்கட்டும். மொதல்ல ஒன் வழிக்கே வாரேன்.

மகிந்திரா எக்ஸ்இவி 9இ-யில 12.3 இஞ்சுல மூணு திரை இருக்குன்னு பச்சை அடிச்சிருக்க. தாராளமா வாங்கு. ஒரு டிவி ரிமோட்டுக்கே ஒனக்கும் ஒம் பொஞ்சாதிக்கும் தெனம் பஞ்சாயத்து, இனிமே அது ரோட்டுலயும் நடக்கட்டும். அதுகூடப் பொறந்த பிஇ 6 கதை தெரியும்லா? 2024 நவம்பர்ல சென்னையில வெச்சு 'பிஇ 6இ'ன்னு பேரு சூட்டுனாங்க. 6இ எங்களோடதுன்னு இண்டிகோ விமானக்காரங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. கடைசி எழுத்தைக் கழத்தி வெச்சுட்டுத்தான் விக்காங்க. பேட்டரி 59, 79 யூனிட்டுன்னு ரெண்டு தினுசு. பெருசுல 680 கிலோமீட்டருக்கு மேல ஓடும்ங்காங்க. நீ வேளச்சேரியிலேர்ந்து சிறுசேரிக்குப் போற. போக வர 50 கிலோமீட்டர். ஆபீசுல அம்புட்டுத் தூரம் தள்ளியா நாற்காலி போட்டுருக்கான்?

விண்ட்சர்ல பின் சீட்டு 135 டிகிரி சாயுதுன்னு அதுக்கும் ஒரு பச்சை. அருமையான சீட்டுதான். ஆனா ஓட்டப்போறது நீ, சாஞ்சு குறட்டை விடப்போறது ஒம் மாமனாரு. அந்த வண்டிக்கு வெல சொன்ன விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. மாட்டுத்தாவணியில தரகன் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு வெல பேசுவான் பாரு, அந்தச் சாமர்த்தியம். 2024 செப்டம்பர்ல வந்தப்போ முழு வண்டி 13.5 லட்சம்னாங்க. பேட்டரியை வாடகைக்கு எடுத்துக்கிட்டா 9.99 லட்சம், அதுபோக ஓடுற கிலோமீட்டருக்கு 3.50 ரூபா. மாசம் 1500 கிலோமீட்டர் ஓட்டுனா 5250 ரூபா வாடகை. ரெண்டு வெலைக்கும் உள்ள மூன்றரை லட்சத்தை வகுத்துப் பாரு, 67 மாசத்துல சரியாப்போகும். வட்டிக் கணக்கு தனி. அதுக்குப் பிறகும் வண்டிய வெச்சிருப்பியா, வித்துருவியான்னு ஒன் எக்ஸலு சொல்லுச்சா?

இனி அந்த 680 கிலோமீட்டர் சமாச்சாரம். வண்டிய உருளை மேல நிறுத்தி, உச்ச வேகமே 90-ஐத் தாண்டாம ஓட்டிப் பாத்துக் குடுக்குற சர்ட்டிபிகேட்டு அது. அங்க சித்திரை வெயிலு கெடயாது, உளுந்தூர்பேட்ட எதிர்க்காத்து கெடயாது, நீ ஊருலேர்ந்து ஏத்துற அரிசி மூட்டையும் கெடயாது. டாட்டாக்காரங்க நெக்ஸான் 45-க்கு 489ன்னு போட்டுட்டு, நெசமா ஓடுறது 350லேர்ந்து 370 வரைக்கும்னு அவங்களே இன்னொரு கணக்கும் எழுதுறாங்க. எனக்கு அந்த ரெண்டாவது எழுத்தாளர்தான் பிடிச்சிருக்கு. நீ மத்த வண்டிக்கும் அந்தக் கண்ணாடியைப் போட்டுப் படி. நாலுவழிச் சாலையில நூறுல விரட்டுனா அதுலயும் கொறயும்.

இப்ப சுவத்துக்கு வா. ஒன் வீடு நாலாவது மாடி, வண்டி நிக்கிறது கீழ தூணுக்கு நடுவுல. ஒன் மீட்டருலேர்ந்து அங்க ஒயரு இழுக்க அசோசியேசன்ல சம்மதம் வாங்கிட்டியா? தண்ணி மோட்டார் மாத்தவே ஆறு கூட்டம் போடுற சனங்க. "தீப்பிடிச்சா யாரு பொறுப்பு"ன்னு ஒருத்தர் எந்திரிப்பார். அவரோட பெட்ரோல் காரு ரெண்டு தூணு தள்ளித்தான் நிக்கும், அது பரவால்ல. அவரை மொதல்ல சரிக்கட்டு, அப்புறம் ஷோரூமுக்குப் போ. அது மட்டும் அமைஞ்சுட்டா ஒனக்குச் சாதாரண 15 ஆம்ப் பிளக்கே போதும். மணிக்கு மூணு யூனிட்டு ஏறும். நீ தெனம் ஓட்டுற 50 கிலோமீட்டருக்கு எட்டு யூனிட்டு, நீ தூங்கி மூணு மணி நேரத்துல ஏறிரும். மாசத்துக்கு 170 யூனிட்டு வரும். யூனிட்டு 10 ரூபான்னே வெச்சுக்கிட்டாலும் 1700 ரூபா. பெட்ரோலுக்கு நீ அழுறது ஏழாயிரம். ஆனா ஈபி ரெண்டு மாசத்துக்கொருக்கத்தான் எண்ணும். 500 யூனிட்டைத் தாண்டுனா வீட்டு ஏசிக்கும் சேத்து ரேட்டு படியேறும், அதையும் கணக்குல வெச்சுக்க.

அசோசியேசன் முடியாதுன்னுட்டா? அப்ப பெட்ரோல் வண்டியவே வெச்சுக்கடே. தெனமும் வெளிய போய் யூனிட்டு இருவது ரூபாய ஒட்டிக் குடுத்து, வரிசையில நின்னு, ஆளுக்கொரு ஆப்புல நூறு நூறா முன்பணம் போட்டு வெச்சு, அதுக்குப் பேரு சிக்கனமா?

மழைக்குப் பேட்டரி தாங்கும், ஐபி67ன்னு ஒரு வரி எழுதியிருக்க. ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம்னு அதுக்கு அர்த்தமாம். வேளச்சேரித் தண்ணிக்கு மீட்டரும் தெரியாது, கடியாரமும் தெரியாது. ஐப்பசி கார்த்திகையில எச்சரிக்கை வந்தா மத்தவன் எல்லாம் வண்டிய மேம்பாலத்துல கொண்டு போய் நிறுத்துறானே, நீயும் போயி நிறுத்து.

வின்ஃபாஸ்ட்டை ஏன் பட்டியல்ல கடைசியில தள்ளுன? நம்ம தூத்துக்குடி மண்ணுல 2025 ஆகஸ்ட்டுல தொறந்த ஆலைடே. வியட்நாம்காரன் கடல் தாண்டி நம்ம உப்பளத்துப் பக்கம் வந்து கார் செய்யுதான், கேக்கவே நெஞ்சு நிமிருது. விஎஃப் 6 வந்தப்போ 16.49 லட்சத்துலேர்ந்து ஆரம்பம். நான் வாங்குன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. ஊர்ப்பாசத்துல டோல்கேட்ல காசு கொறயாது. சர்வீஸ் சென்டரு ஒன் வீட்டுலேர்ந்து எத்தன கிலோமீட்டர்னு ஒரு கட்டம் போடு. அந்தக் கட்டத்துக்கு ஹூண்டாய் க்ரெட்டா எலக்ட்ரிக்கையும் இழு, அதுவும் ஒங்க ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பிள்ளைதான்.

என்னைக் கேட்டா, 40, 45 பேட்டரிக்காரன் ஒனக்கு எதேஷ்டம். பொங்கலுக்கு ஊருக்கு வாரது 550 கிலோமீட்டருக்கு மேல. பெரிய பேட்டரி வாங்குனாலும் எங்கயாவது நிக்கத்தான் போற. வழியில ரெண்டு எடத்துல நின்னு, சார்ஜு ஏறுறதுக்குள்ள அந்தக் கல்லு மாதிரி வடையைத் தின்னு முடி, நேரம் சரியாயிருக்கும். ஆனா டிக்கியைத் தொறந்து ஸ்டெப்னி இருக்கான்னு பாத்துட்டு வாங்கு. பல வண்டியில சக்கரத்துக்குப் பதிலா ஒரு பசை டப்பாவும் பம்பும்தான் வெச்சிருக்கான். நம்ம ஊரு விலக்குல எறங்குனதும் வண்டிப்பாதை பூரா வேலிக்கருவ முள்ளு. பக்கவாட்டுல கிழிஞ்சா பசை என்னத்தச் செய்யும்?

ஊருக்கு வந்தா வண்டியக் கெணத்து மோட்டாரு இலவசக் கரண்டுல மாட்டிக்கிடலாம்னு மனசுல ஒரு மூலையில நெனச்சிருப்ப, ஒன்னைத் தெரியாதா. அதைத் தொட்டா ஈபிக்காரன் எனக்குத்தான் அபராதம் போடுவான். வீட்டு பிளக்குல போட்டுக்க. போன தீவாளிக்கு ஒன் மச்சினன் அவன் வண்டிய அதுல சொருகி, செவப்பு வெளக்கு எரிஞ்சு, கடைசி வரைக்கும் ஏறவேயில்ல. எர்த்து இல்லைனா இந்த வண்டிக பச்சைத்தண்ணி குடிக்காதுன்னு வயர்மேன் சொன்னான். அதனால கொல்லையில ஆளு ஒசரத்துக்குக் குழி வெட்டி, குழாய எறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திக் கொட்டி, தண்ணி ஊத்தி மூடியாச்சு. வயரும் தடிமனா புதுசு போட்டாச்சு. மொத்தம் 6400 ரூபா, சிட்டையை வாட்சப்புல அனுப்பியிருக்கேன். காரை ஆற அமர யோசிச்சு வாங்கு. இதை இன்னைக்கே போட்டு விட்டுரு, ஜிபே நம்பரு அதே பழசுதான்.